கூண்டு முதலில், கோழி அப்புறம்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்கு

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, நாலு நாட்டுக்கோழி வளர்த்தால் என்ன என்று நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ரகம் வாங்கலாம்?" என்பதுதான். அது நாலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. நம் கடலோரத்தில் கோழிகள் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: ஐப்பசி கார்த்திகையின் ஈரத்தரை, வெள்ளைக் கழிச்சல் என்னும் தொற்றுநோய், அப்புறம் கூண்டின் ஓட்டை வழியாக நுழையும் ஏதோ ஒரு பிராணி. சிறுவிடையா கருங்கோழியா என்றெல்லாம் இவை பார்ப்பதில்லை. அதனால் இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். காலம், கூண்டு, அதற்குப் பிறகுதான் கோழி.

எந்த மாதம் தொடங்குவது

பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. தமிழகக் கால்நடை பராமரிப்புத் துறை இந்த வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான இருவாரத் தடுப்பூசி முகாமை வழக்கமாகப் பிப்ரவரியில்தான் நடத்துகிறது. தை மாதம் வாங்கிய கோழி இரண்டு மூன்று வாரத்தில் இடம் பழகி, முகாமுக்குத் தயாராக இருக்கும். அடுத்த மழைக்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. அதற்குள் கோழிகளின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும், கூண்டில் எந்தப் பக்கம் ஒழுகும் என்பதும் கோடை மழையிலேயே தெரிந்துவிடும்.

புரட்டாசியில் கறி சாப்பிடாதவர்கள் அதிகம், விலை இறங்கும், அப்போது வாங்கினால் லாபம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். விலை இறங்குவது உண்மைதான். ஆனால் புரட்டாசியில் வந்த கோழி, இடம் பழகுவதற்குள் ஐப்பசி மழையில் நனையும். நடுவில் தீபாவளி வெடிச் சத்தம் வேறு. அனுபவசாலிகளுக்குச் சரி, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு அந்த லாபம் வேண்டாம்.

கூண்டு

பகலில் திறந்துவிட்டு இரவில் மட்டும் அடைப்பதாக இருந்தால் ஒரு கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி போதும். ஆறு கோழிக்கு நாலடிக்கு மூன்றடி கூண்டு தாராளம். பகலிலும் வெளியே விட வழியில்லை, பக்கத்து வீடுகள் ஒட்டி இருக்கின்றன என்றால், கூண்டோடு சேர்த்து வலையடித்த ஓர் அடைப்பு வேண்டும். அதில் ஒரு கோழிக்குப் பத்து சதுர அடியாவது கொடுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிய்த்துவிடும். கொத்தின இடத்தில் ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

மரவேலைக்கு நம் பக்கத்தில் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை. கால்களைத் தரையிலிருந்து இரண்டரை மூன்றடி உயரத்துக்கு விட்டு, அதன்மேல் கூண்டை நிறுத்துங்கள். தோட்டத்தில் மழைத் தண்ணீர் தேங்கினாலும் கோழி காய்ந்த இடத்தில் நிற்கும். கீழே விழும் எச்சத்தை மண்வெட்டியால் வழித்தெடுப்பதும் சுலபம். கழியின் அடிப்பாகத்துக்குத் தார் பூசிவிட்டால் கரையான் சீக்கிரம் ஏறாது.

கூரைக்குத் தென்னங்கீற்றுதான் குளிர்ச்சி, ஆனால் இரண்டு மழைக்குமேல் தாங்காது. தகரம் போட்டால் சித்திரையில் உள்ளே அடுப்புதான். தகரத்தைப் போட்டு அதன்மேல் கீற்றுப் பரப்பி, இரண்டையும் சேர்த்துக் கட்டுவது நல்ல வழி. கட்டுவது என்றால் நிஜமாகவே கட்டுவது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. வெறும் ஆணி அடித்த தகரம் எம்மாத்திரம்? கொக்கி போல்ட்டு போட்டு முடுக்கி, குறுக்கே கம்பியும் இழுத்துவிடுங்கள்.

கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், பக்கவாட்டில் வெயில் நேராக அடிக்காது. மழைக்காலத்துச் சாரல் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். அந்த இரண்டு பக்கமும் பாதி உயரத்துக்குப் பலகை அடித்து, மேல்பாதியை வலையாக விட்டு, சுருட்டி இறக்குகிற மாதிரி ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள். தெற்குப் பக்கம் எப்போதும் திறப்பாக இருக்கட்டும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் மூடினால் எச்சத்திலிருந்து கிளம்பும் காரநெடியில் கோழிக்குச் சளி பிடிக்கும். குனிந்து கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை.

வலை விஷயத்தில் சிக்கனம் பார்க்கவேண்டாம். அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். நாயும் மரநாயும் அதைப் பிய்த்துவிடும். பெரிய கண் உள்ள வலையில் கீரிக்குட்டியும் பாம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை வாங்குங்கள். தரையோடு இருக்கும் அடைப்பாக இருந்தால் வலையை ஓரடி ஆழத்துக்கு மண்ணுக்குள் இறக்கிப் புதையுங்கள், இல்லாவிட்டால் பெருச்சாளி தோண்டிக்கொண்டு வரும். கதவுக்கு ஒரு கொண்டி போதாது. மேலே ஒன்று, கீழே ஒன்று. தூக்கினால் திறக்கும் கொக்கியை மரநாய் பழகிக்கொள்ளும்.

மேல்பக்கத்துக்கு நம் ஊருக்கென்றே ஒரு வசதி உண்டு. கடலூர் துறைமுகம், தேவனாம்பட்டினம், அந்தப் பக்கம் தேங்காய்த்திட்டு என்று மீனவர் இருக்கும் இடங்களில் கிழிந்து ஓரங்கட்டிய பழைய மீன்வலை கேட்டால் கிடைக்கும். அடைப்பின் தலைக்குமேல் அதை இழுத்துக் கட்டினால் பருந்தும் காக்கையும் கிட்டே வராது. பெரிய கோழிகளைக் காக்கை ஒன்றும் செய்யாது. குஞ்சு பொரித்த பிறகு பாருங்கள், தாய்க்கோழி ஒரு பக்கம் திரும்பினால் போதும், மறுபக்கம் ஒரு குஞ்சு காணாமல் போயிருக்கும்.

உள்ளே இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, உட்கார்ந்து தூங்க ஒரு கழி. ஒரு கோழிக்கு முக்காலடி நீளம் கணக்கு. பல கழி வைத்தால் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வையுங்கள், மேலே இருப்பதற்காகத்தான் சண்டையே வரும். இன்னொன்று, முட்டையிட இருட்டான மூலையில் ஓரடிச் சதுரத்தில் ஒரு பெட்டி அல்லது வாயகன்ற பழைய மண்சட்டி, அதில் கொஞ்சம் வைக்கோல். நாலைந்து பெட்டைக்கு ஒன்று போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே சட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், அது வேறு கதை.

எத்தனை, எந்தக் கோழி

முதல் வருடம் நாலு பெட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சு மட்டும் வராது. குஞ்சு வேண்டுமானால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு சேவல் வைத்தால் தினமும் ஒன்றின் தலையில் ரத்தம் இருக்கும்.

சரி, இப்போது ரகம். சிறுவிடை நம் வீடுகளுக்கு ஏற்ற கோழி. தானாக மேயும், அடையில் ஒழுங்காக உட்காரும், குஞ்சைக் காக்கும். ஆனால் ஆண்டுக்கு ஐம்பதிலிருந்து எண்பது முட்டைதான். பெருவிடை பார்க்கக் கம்பீரம், எடையும் நிற்கும். சண்டைக்கோழி ரத்தம் என்பதால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, முட்டையும் குறைவு. நந்தனம் கோழி, வனராஜா போன்ற மேம்படுத்திய ரகங்கள் நூறுக்கு மேலும் முட்டை கொடுக்கும். தீனியை அதிகம் கேட்கும், அடை உட்காராது. முட்டைதான் குறிக்கோள் என்றால் அவை. கோழி தானே பெருகி ஒரு கூட்டமாக வேண்டும் என்றால் சிறுவிடை. இரண்டையும் கலந்து வைத்து, மேம்படுத்திய ரகத்தின் முட்டையைச் சிறுவிடைக்கு அடை வைப்பவர்களும் உண்டு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றிய குஞ்சுகளைப் பிள்ளைகள் கேட்டாலும் வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளில் கழித்த சேவல் குஞ்சுகள். தாயும் இல்லாமல், சூடும் இல்லாமல், பாதிக்குமேல் வீட்டில் வந்துதான் சாகும்.

புதியவர்களுக்கு நாலைந்து மாத விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டைதான் சரி. குஞ்சாக வாங்கினால் சூடு கொடுப்பது, கழிச்சல், காக்கை என்று எல்லாம் உங்கள் தலையில். விடைக்கோழி இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் முட்டைக்கு வந்துவிடும். சந்தையில் வாங்குவதைவிட, தெரிந்த வீட்டில், மற்றக் கோழிகள் நடமாடுவதைப் பார்த்து வாங்குவது மேல். சந்தைக்குப் பல ஊர்க் கோழி வரும், அதோடு பல ஊர் நோயும் வரும். வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்கவேண்டும், மூக்கில் நீர் இருக்கக்கூடாது, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக்கூடாது, நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைக்குத் தட்டுப்படக்கூடாது. இறக்கையைத் தூக்கி அடியில் ஊதிப் பாருங்கள், செல்லு (பேன் மாதிரிப் பூச்சி) ஓடினால் தெரியும்.

வந்த முதல் வாரம்

கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். ஒரு வாரம் உள்ளேயே தீனி, தண்ணீர். அந்த ஒரு வாரத்தில் "இதுதான் வீடு" என்று அவற்றுக்குப் பதிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்துவிடுங்கள். அதிக தூரம் போக நேரம் இருக்காது, இருட்டியதும் தானாக உள்ளே வரும். தினம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். தீனி போடும்போது "பா... பா..." என்றோ டப்பாவைத் தட்டியோ ஒரே மாதிரி சத்தம் கொடுத்துப் பழக்குங்கள். பின்னால் மழை வரும்போது கூட்டி அடைக்க இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போகும் கோழிக்கு ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் போதும். நிதானம் தவறிப் பறக்க வராது, வலியும் இருக்காது. புதிதாக முளைத்து ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் இறகை மட்டும் வெட்டக்கூடாது.

ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டுக்குப் புதுக்கோழி வந்தால் இரண்டு மூன்று வாரம் தனியே, தோட்டத்தின் மறுகோடியில் வையுங்கள். பழைய கோழிக்குத் தீனி போட்டுவிட்டுப் புதுக்கோழியிடம் போகவேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் தனியாக வைத்ததற்கு அர்த்தமே இல்லை.

தீனியும் தண்ணீரும்

மேய்ச்சல் இருக்கும் கோழிக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 கிராம் வரை தீனி கணக்கு. மேயப் புழு, புல் நிறைய இருந்தால் குறைக்கலாம். அரிசி நொய்யை மட்டும் போட்டு வளர்த்தால் கோழி கொழுக்கும், முட்டை வராது. வீட்டிலேயே கலக்கலாம்: நூறு கிலோவுக்குக் கம்பு, சோளம், நொய் எல்லாம் சேர்த்து 50, தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 20, கருவாட்டுத் தூள் 8, தாது உப்புக் கலவை 2. நாலு கோழி வைத்திருப்பவர் நூறு கிலோவைக் கலக்கப்போவதில்லை, விகிதம் தெரியட்டும் என்பதற்குச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேலான தீனியைச் சேர்த்து வைக்காதீர்கள், நம் காற்றில் இருக்கும் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். புண்ணாக்கில் பச்சையாகவோ கருப்பாகவோ பூத்திருந்தால், முக்கல் வாடை வந்தால், தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது.

கருவாடு நம் பக்கத்தில் எங்கும் கிடைக்கும், திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தைக்குப் போனால் குவித்து வைத்திருப்பார்கள். ஆனால் நாம் குழம்புக்கு வாங்கும் உப்புக் கருவாட்டைக் கோழிக்குப் போடக்கூடாது. உப்பு அதிகமானால் கோழி தண்ணீராகக் கழிந்து செத்தே போகும். உப்பிடாமல் வெயிலில் காயவைத்த பொடிமீனைத் "தீனிக்கு" என்று கேட்டு வாங்குங்கள். அதே காரணத்துக்காக ஊறுகாய், அப்பளம், மீந்துபோன கருவாட்டுக் குழம்புச் சோறு எதுவும் வேண்டாம்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலை நன்றாகக் கழுவி, உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து, அரிசி அளவுக்கு நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும். தீனியில் கலக்கவேண்டாம். முட்டைக்கு வராத குஞ்சுகளுக்கு இவ்வளவு சுண்ணாம்பு போனால் சிறுநீரகம் கெடும்.

புழு வேண்டுமா? பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தென்னை மட்டைத் துணுக்கு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவிடுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைப்போல் ஊட்டம் வேறில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள்.

தண்ணீர் ஒரு கோழிக்குக் கால் லிட்டர், கோடையில் இரண்டு மடங்கு. நீங்கள் குடிக்கத் தயங்கும் தண்ணீரைக் கோழிக்கு வைக்காதீர்கள். சில தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக்கரிக்கும், அங்கே குடிதண்ணீரையே வையுங்கள்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம்

இந்த ஐந்து நிமிடத்தைத் தவறாமல் செய்தால் பாதிப் பிரச்சினை வருமுன்னே தெரியும். கூண்டைத் திறந்ததும் தீனியைப் போட்டுவிட்டு நின்று பாருங்கள். ஓடிவராத கோழி எது? தீனிக்கு அடித்துப்பிடித்து வராமல், கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறதா? அதுதான் முதல் அறிகுறி. கோழி தன் நோயைக் கடைசி வரை மறைக்கும், பசியை மட்டும் அதனால் மறைக்க முடியாது.

அப்புறம் இரவு உட்கார்ந்த கழிக்கு நேர்கீழே எச்சத்தைப் பாருங்கள். பழுப்பாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு கெட்டியாக இருந்தால் நல்லது. சில சமயம் வெல்லப்பாகு நிறத்தில், நாற்றத்தோடு, கூழாக ஒன்று கிடக்கும். பயப்படவேண்டாம், அது குருட்டுக்குடலில் இருந்து வருவது, நாளுக்கு ஓரிரு தரம் எல்லாக் கோழியும் அப்படிப் போடும். வெள்ளையும் பச்சையும் கலந்து தண்ணீராக இருந்தால், ரத்தம் கலந்திருந்தால், அன்றைக்கே கவனிக்கவேண்டும். எதிர்வீட்டு ஆயா ஒருவர் சொல்வார்: "தம்பி, கோழி மூஞ்சியப் பாக்காத, அதும் பீயப் பாரு." அதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொன்னதில்லை.

நோயும் தடுப்பூசியும்

வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய், வந்தபின் மருந்து கிடையாது. ஓர் அதிகாலையில் ஒரு கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றும். இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகலாம். தடுப்பூசி ஒன்றுதான் வழி.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் மறுபடி சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் ஊசி. இதுதான் வழக்கமான அட்டவணை. அதற்குமேல் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் சொல்வார். ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். ஏற்கெனவே வாடியிருக்கும் கோழிக்கு ஊசி போடவேண்டாம்.

சொட்டு மருந்தில் சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி நூறு இருநூறு கோழிக்கானது. உங்களிடம் இருப்பது பத்துக் குஞ்சு. தெருவில் கோழி வளர்க்கும் நாலைந்து வீட்டை ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தைக் கடையிலிருந்து ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் கொண்டுவரவேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று வைக்கக்கூடாது. குஞ்சை இடது கையில் மல்லாத்திப் பிடித்து, தலையைக் கட்டைவிரலால் ஒருக்களித்து, கண்ணுக்குமேல் ஒரு சொட்டு விட்டு, அது கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே இறங்கும் வரை விடாமல் பிடித்திருக்கவேண்டும். சொட்டு விழுந்தவுடன் இறக்கிவிட்டால் தலையை உதறிவிடும், போட்டும் போடாத கணக்குத்தான். தெருவில் ஒரு வீடு மட்டும் போடாமல் விட்டாலும் நோய் அங்கே வந்து தங்கும். ஆகவே பக்கத்து வீட்டாரைக் கெஞ்சியாவது சேர்த்துக்கொள்வது உங்களுக்கே நல்லது.

கழிச்சல் வந்துவிட்டால் பலரும் மிச்சக் கோழிகளை அவசர அவசரமாக விற்கிறார்கள். இதைவிட மோசமான காரியம் இல்லை. அடுத்த தெருவுக்கு நோயை அனுப்புவது அப்படித்தான். செத்த கோழியை ஆழமாகக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஆற்றிலோ குப்பைத் தொட்டியிலோ போடாதீர்கள். ஒரே நாளில் பல கோழி செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள், பறவைக் காய்ச்சலா என்று பார்க்கவேண்டியது அவர்கள் வேலை.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து உருட்டிக் கொடுக்கும் கைவைத்தியத்தைப் பலர் செய்கிறார்கள். தடுப்பூசியோடு சேர்த்துச் செய்யலாம், தடுப்பூசிக்குப் பதிலாகச் செய்யக்கூடாது.

மற்றவை இவ்வளவு பயங்கரம் இல்லை. அம்மை கொசுவால் பரவும், கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வரும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, தண்ணீரும் தீனியும் எட்டும்படி வைத்தால் பெரிய கோழி பிழைத்துக்கொள்ளும், குஞ்சுதான் கஷ்டம். ரத்தக் கழிச்சல் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுக்கு ஈரத்தரையால் வருவது. உடனே மருத்துவரிடம் கேட்டுத் தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தால் கேட்கும். ஈரத்தை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். செல்லுக்குச் சாம்பலும் மணலும் வேப்பிலைப் பொடியும் கலந்து ஒரு மூலையில் கொட்டிவிடுங்கள், கோழி அதில் புரண்டு தானே உதறிக்கொள்ளும்.

பெரிய சந்தேகம் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கடலூர் மாவட்டத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. வளர்ப்புப் பயிற்சி பற்றியும் அங்கே விசாரிக்கலாம்.

அடை வைப்பது

பெட்டை சட்டியை விட்டு எழாமல், கிட்டே போனால் உடலை உப்பிக்கொண்டு "கொர்" என்றால் அடைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டையாகப் பொறுக்கி, கோடையென்றால் நாலைந்து நாளுக்குள் இட்டதாக, பத்துப் பன்னிரண்டு வையுங்கள். ராத்திரியில் வைத்தால் கோழி கலையாது. ஏழாம் நாள் இருட்டில் செல்போன் விளக்கை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறுமையாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் பொரிக்கும். ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் குஞ்சுக்கு உதவுகிறேன் என்று ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் வந்து செத்துவிடும். ஒரு நாள் பொறுங்கள்.

இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று சட்டியில் இரும்பு ஆணி, கரித்துண்டு, காய்ந்த மிளகாய் போடுவது நம் பக்கத்து வழக்கம். போடுவதால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் முட்டை கெடுவது சாரலில் சட்டி நனைவதாலும் கோழி பயந்து எழுந்துபோவதாலும்தான். ஆணியோடு கூடச் சட்டியை வீட்டுக்குள் நகர்த்தியும் வையுங்கள். அக்கினி நட்சத்திரத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் அடை வைக்காமல் இருப்பதே உத்தமம். மாசி அருமையான மாதம்.

பொரித்த குஞ்சுகளை முதல் மாதம் தாயோடு கொடாப்பில் (மூங்கில் கூடையில்) கவிழ்த்து வையுங்கள், அல்லது மீன்வலைக்கு அடியில் விடுங்கள். காக்கைக்கு இந்த ஒரு மாதம்தான் வேட்டை.

கோடை

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்து, இறக்கையை உடம்பை விட்டு விலக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உள்மாவட்டங்களில் ஈரச்சாக்கு கட்டினால் கூண்டு நன்றாகக் குளிரும். நம் கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது பாதிதான் வேலை செய்யும். இங்கே நிழலும் கடற்காற்றும்தான் மருந்து. தீனியை விடியற்காலையிலும் சாயங்காலமும் போடுங்கள், நடுப்பகலில் வேண்டாம். மண்சட்டித் தண்ணீரைப் பதினொரு மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். முட்டை குறையும், ஓடு மெலியும். கோழி மேல் குற்றமில்லை.

மழையும் புயலும்

புரட்டாசி முடிவதற்குள் மூன்று வேலை: கூரையைச் சரிபார்ப்பது, கூண்டைச் சுற்றி வடிகால் வெட்டுவது, காய்ந்த உமி ஒரு மூட்டை வாங்கி வீட்டுக்குள் பத்திரப்படுத்துவது. மழை பிடித்தபின் காய்ந்த உமிக்கு எங்கே போவது? கூண்டுக்குள் இரண்டு மூன்று அங்குலம் உமி போட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, நனைந்த இடத்தை அள்ளிப் போட்டுப் புதிதாகப் பரப்புங்கள். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கக்கூடாது, உதிரவேண்டும்.

பகல் குறைவதாலும் இறகு உதிர்வதாலும் இந்த மாதங்களில் முட்டை நின்றே போகலாம். தையில் திரும்ப வரும். முட்டை இல்லை என்று தீனியைக் குறைக்காதீர்கள், புது இறகு முளைக்கப் புரதம் வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கூண்டை நம்பவேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இரண்டடி உயரக் கூண்டும் பல தெருக்களில் போதவில்லை. மழை நின்றபின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது, அது இன்னொரு அடி. ஆகவே வானிலை அறிவிப்பில் நம் ஊர்ப் பெயர் வந்த அன்று மாலையே, வெளிச்சம் இருக்கும்போதே, கோழிகளைக் கொடாப்பிலோ ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியிலோ அடைத்து வீட்டுக்குள், முடிந்தால் மாடிப்படிக்குக் கீழே அல்ல, மேலே வையுங்கள். இரண்டு நாள் தீனி, ஒரு குடம் தண்ணீர். வீடு நாறும்தான், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். நனைந்த கோழியைத் துணியால் ஒற்றித் துடைத்து, காற்றுப் படாத இடத்தில் ஒரு குண்டு பல்புக்குக் கீழே விட்டால் போதும். கரண்டு இருக்காது என்பதால், சாக்கில் பொதிந்து வைப்பதே பெரும்பாலும் நடக்கிற காரியம்.

வெள்ளம் வடிந்தபின் பழைய உமி, நனைந்த தீனி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, தரையில் சுண்ணாம்பு தூவி, வெயில் காய்ந்த பிறகே கோழியைத் திருப்பி விடுங்கள்.

அக்கம்பக்கம்

புதுச்சேரி நகருக்குள்ளும் கடலூர் புதுநகர்ப் பக்கமும் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கின்றன. சண்டை பெரும்பாலும் நாற்றத்தாலும் விடிகாலைக் கூவலாலும் வருவது. எச்சத்தை வாரத்துக்கு இரண்டு முறை வழித்து, காய்ந்த இலையோடு குழியில் போட்டு மக்கவிட்டால் நாற்றம் இருக்காது. இரண்டு மாதத்தில் தென்னைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். பச்சை எச்சத்தை நேரே செடியில் போட்டால் வேர் கருகும். முட்டை வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வாரம் இரண்டு போனால் பாதிச் சண்டை வராது.

கூடுதல் சேவல்களை ஆடி மாதத்துக்குள் கழித்துவிடுங்கள். அம்மன் கோயில் வேண்டுதலுக்கு நாட்டுச்சேவல் தேடுவார்கள், நல்ல விலையும் போகும்.

ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது என்பதை வளர்க்கத் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு நாளைக்கு மொத்தமாக வைத்துவிடலாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்ட ஓர் ஆள் வேண்டும், மேல்கொண்டி கீழ்க்கொண்டி இரண்டையும் போடத் தெரிந்த ஆளாக.